பத்தாந்திகதி வரும் இரட்டை

அத்தியாயம் 6

கிளிநொச்சியில் காலை ஒன்பது மணிக்கு வங்கி வாசலில் நிழல் பிடிப்பதென்றால் கொஞ்சம் செல்வாக்கு வேண்டும். றிஃபாத்துக்கு அது கிடையாது. ஆகவே ஏ-9 வீதியின் மறுபக்கத்தில், குளிர்பானக் கடைத் தகரம் பாதி ஓட்டோவுக்கு மட்டும் நிழல் தரும் இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தான். நிழல் விழுந்த பாதியில் மதலேனா அக்கா இருந்தார், வெயில் விழுந்த பாதியில் இவன் இருந்தான். துப்பறிந்து முடிந்தபின் கிடைக்கும் பெயரும் இருவருக்கும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் பிரியும்.

மதலேனா முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பக்கத்தில் போட்டோப் பிரதி எடுத்து, போம் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். வருகிறவர்களில் பாதிப்பேர் போமில் எழுத முடியாத சங்கதி ஒன்றையும் கூடவே கொண்டுவருவார்கள். அதைத் தேடிப்பிடித்துக் கொடுப்பது அவருடைய இரண்டாவது தொழில். அந்தத் தொழிலுக்குப் பெயர்ப்பலகை இல்லை.

றிஃபாத்தும் மூன்று வருடங்களுக்கு முன் ஒரு போமோடு வந்தவன்தான். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனம் எல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டி வந்தபோது, அவனுடைய வாப்பா மீராசாகிபு நீராவிப்பிட்டியில் வீட்டையும் கடையையும் ஹொண்டா சீடி 200 ஒன்றையும் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகத்தை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு புத்தளம் போனவர். இழந்த சொத்து விபரம் கேட்டு யார் போம் நீட்டினாலும் மகன்தான் நிரப்ப வேண்டும். மற்றப் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொன்ன வயதில் றிஃபாத் அந்த வண்டியின் இரும்பில் பொறித்த சேசிஸ் இலக்கம் சொன்னான்: 1038627. அக்காவின் கடையில் நிரப்பியது பன்னிரண்டாவது போம். அதற்கும் பதில் வரவில்லை, ஆனால் அக்காவிடம் வேலை கிடைத்தது.

"எங்கட வீட்டில புத்தகம் கிடக்கு, சைக்கிள்தான் இல்லை" என்பது அவனுடைய நிரந்தரப் பகிடி. சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான்.

"அக்கா, கள்ளன் இண்டைக்குத்தான் வருவான் எண்டு என்னெண்டு சொல்லுறியள்? உங்களுக்குக் கடிதம் போட்டவனோ?"

"போட்டவன். மூண்டுதரம். சார்ஜன்ற கொப்பியில."

பின் இருக்கையில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த யதுர்ஷிகா ரீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. வரவேண்டிய நாளும் அதுவல்ல. பின்னேரம் நாலு மணிக்குள் காரியம் முடியாவிட்டால் அவருடைய உத்தியோகம் ஆட்டம் காணும்.

யதுர்ஷிகா மல்லாவியில் கணிதம் படிப்பிப்பவர். வீட்டில் எல்லோரும் ஸ்கூட்டி வாங்கச் சொன்னார்கள். அவர் வவுனியாவில் கதிர்காமநாதன் என்பவரின் பழைய மோட்டார் சைக்கிள் கடைக்குப் போய், தன்னைவிடப் பதினாலு வயது மூத்த சீடி 200 ஒன்றை ஓடிக்கொண்டு வந்தார். இரட்டைச் சிலிண்டர். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து, 105 ஸ்ரீ 4417. எழுத்து மங்கியிருந்தபடியால், சட்டம் சொன்ன உயரத்தில் புதிதாக எழுதுவித்தார். எழுதுகிறவரின் தோளுக்குப் பின்னால் அடிமட்டத்துடன் நின்று, எட்டை இரண்டுதரம் அழிப்பித்தார் என்று ஊரில் கதை. அந்த இலக்கத்தில் எட்டே இல்லை என்பதைக் கதை சொன்னவர்கள் கவனிக்கவில்லை.

இவ்வளவு கவனமான மனுசி செய்த ஒரே பிழை வன்னியில் எல்லோரும் செய்கிற பிழை. பெயர் மாற்றவில்லை. ஓப்பின் பேப்பரில் வாங்கினார். அதாவது, முதல் உரிமையாளர் பெயர்மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்து, வாங்குகிறவரின் இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுப்பார். வாங்கியவர் தன் பெயரை எழுதாமல் அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். இந்த வண்டி ஏழு கை மாறியிருந்தது. புத்தகத்தில் இன்னும் சி. சிற்றம்பலம், வவுனியா என்றுதான் இருந்தது.

போன சனிக்கிழமை கிளிநொச்சிக்கு வந்த ரீச்சரைப் பொலிஸ் சார்ஜன் ஆண்டியப்பன் மறித்தார். இதே இலக்கம் மூன்று மாதமாக வங்கி வாசலில், வண்டி நிறுத்தக்கூடாத இடத்தில் நிற்பதை, ஓட்டிவந்தவரைக் காணாமல் இலக்கத்தை மட்டும் பார்த்து, கொப்பியில் குறித்து வைத்திருந்தார். மூன்று நாளும் அந்த நேரத்தில் ரீச்சர் வகுப்பில் நின்றதற்குப் பாடசாலை வரவு இடாப்பு சாட்சி. அப்படியென்றால் ஒரே இலக்கத்தில் இரண்டு வண்டி. எது அசல்? ரீச்சரின் வண்டியில் சேசிஸ் இலக்கத்தை உப்புக்காற்று தின்றுவிட்டிருந்தது, ஏழு பேரில் ஒருவர் கடற்தொழிலாளி. இயந்திரமும் எப்போதோ மாற்றப்பட்டது. சார்ஜன் வண்டியைப் பொலிசில் நிறுத்திவிட்டு முடிவாகச் சொன்னார். பத்தாந்திகதி நாலு மணிக்குள் புத்தகத்துக்காரர் வந்து எது தன்னுடையது என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் பொய் இலக்கத்தகடு என்று வழக்கு, வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு பிரதி. ரீச்சருக்கு நியமனம் நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் இருந்தது.

வவுனியாவில் சிற்றம்பலத்தின் விலாசத்தில் இப்போது கைபேசிக் கடை. அங்கே அவரை யாருக்கும் தெரியவில்லை. மிச்சம் இருந்த ஒரே நூல் அந்த இரட்டை வண்டி.

"மூண்டு நாளும் என்ன திகதி?" என்று மதலேனா கேட்டார்.

"பத்து, பத்து, பத்து," என்றார் ரீச்சர்.

"பத்தாந்திகதி விடிய வங்கிக்கு வாறது ஆர், றிஃபாத்?"

"கொள்ளைக்காரர்."

"பென்சன்காரர்."

றிஃபாத் வீதிக்கு அப்பால் வங்கி வாசலைப் பார்த்தான். குடைகளும் வெள்ளைச் சட்டைகளுமாக ஐம்பது பேர் வரிசை கட்டியிருந்தார்கள். "நல்லது. அவ்வளவு பேரும் சந்தேகநபர். எல்லாருக்கும் முழங்கால் நோ. ஓடினாலும் நடந்துபோய்ப் பிடிக்கலாம்."

ரீச்சர் திடீரென்று கையை உயர்த்தினார். "பொறுங்கோ. அது சீடி."

தெற்கே இருந்து இரட்டைச் சிலிண்டரின் சத்தம் முதலில் வந்தது, பிறகு வண்டி வந்தது. பெற்றோல் தாங்கிக்குக் குறுக்கே குடை கட்டி, முதுகை நிமிர்த்தி ஓடிவந்த பெரியவர், 'வண்டிகளை நிறுத்தாதீர்' என்ற பலகைக்கு நேர் கீழே அளந்து நிறுத்தினார். குடையை அவிழ்த்தார், வரிசையில் தனக்காக ஒருவர் பிடித்து வைத்திருந்த இடத்தில் போய் நின்றார். தகட்டில் 105 ஸ்ரீ 4417.

மூவரும் வீதியைக் கடந்தார்கள். யதுர்ஷிகா தகட்டின் முன் குந்தி, கைப்பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தார்.

"எழுத்து அரை அங்குலம் கட்டை."

"அதுக்கே அஞ்சு வருசம் குடுக்கலாம் ரீச்சர்," என்றான் றிஃபாத்.

மதலேனா வண்டியைத் தொடாமல் ஒரு சுற்று வந்தார். கார்பரேற்றரின் பக்கத்தில் பித்தளையில் ஒரு சின்ன மூக்கு ஒட்டியிருந்தது. விரலால் காட்டினார், றிஃபாத் தலையாட்டினான். பிறகு கைபிடிக்குக் கீழே, வண்டியின் கழுத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பம் அளவுக்குத் தடித்துக் காய்ந்திருந்ததைப் பார்த்தார்.

"ஊரில எல்லாரும் மோட்டச்சைக்கிளுக்குப் பொட்டு எங்க வைப்பினம்?"

"லைற்றில. சனம் பாக்கிற இடத்தில."

"இவர் கழுத்தில வைச்சிருக்கிறார். முகத்தில ஒண்டுமில்லை."

அதற்குமேல் பேசப் பெரியவர் விடவில்லை. பென்சனை எண்ணிச் சட்டைப்பைக்குள் வைத்தபடி வந்துவிட்டார்.

"ஆர் நீங்கள்? என்ர சைக்கிளில என்ன ஆராய்ச்சி?"

"உங்கட சைக்கிளோ ஐயா?" என்றார் மதலேனா.

"பின்ன ஆற்ற? எண்பத்திரண்டில புதுசா எடுத்தது. வவுனியாக் கச்சேரியில சீஃப் கிளாக் சிற்றம்பலம் எண்டு கேட்டால் இண்டைக்கும் சொல்லுவினம்."

ஐந்து நாளாக இரண்டு மாவட்டத்தில் தேடிய மனிதர், பென்சன் எடுத்துக்கொண்டு தானாக வந்து பெயரைச் சொன்னார். யதுர்ஷிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டார். பாவம், அப்பாவித்தனமாக எல்லாவற்றையும் சொன்னார். கதிர்காமநாதன் கடை, ஓப்பின் பேப்பர், சார்ஜன், நாலு மணி. புத்தகத்தையும் படிவத்தையும் விரித்து, "ஐயா, இது நீங்கள் வித்த சைக்கிள்தானே. ஒரு வார்த்தை சொன்னால் என்ர வேலை தப்பும்," என்றார்.

சிற்றம்பலம் படிவத்தைப் பார்த்தார். தன் வண்டியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டார். அந்த இடைவெளியில் அவர் எதையோ தீர்மானித்ததை றிஃபாத் கண்டான்.

"இது என்ர கையெழுத்தில்லை, பிள்ளை. நான் ஒருநாளும் சைக்கிள் விக்கேல்லை. புத்தகம் இடப்பெயர்வில துலைஞ்சது. அப்ப உம்மட்டக் கிடக்கிறதுதான் கள்ளச் சைக்கிள்." சொல்லிவிட்டு, வீதியில் நின்ற சார்ஜனை அவரே கைதட்டிக் கூப்பிட்டார்.

ஆண்டியப்பன் கொப்பியோடு ஏற்கனவே வந்துகொண்டிருந்தார், பலகைக்குக் கீழே வண்டி நின்றால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஹற்றன் பக்கத்து மனிதர், நெற்றியில் எப்போதும் திருநீறு. அடையாள அட்டையையும் புத்தகத்துப் பெயரையும் ஒப்பிட்டார். சிற்றம்பலம் சொன்னதைக் கேட்டார். ரீச்சரைப் பார்க்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"புக்குல பேர் உள்ளவரே சொல்றாரு, ரீச்சர். நான் என்ன செய்றது."

றிஃபாத்துக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கோபம் வந்தால் அவனுக்குப் பகிடி இன்னும் கூடும்.

"ஐயா, சண்டைக் காலம் முழுக்கச் சைக்கிள் எங்க நிண்டது?" என்று மதலேனா தன்மையாகக் கேட்டார்.

"வவுனியாவில, என்ர விறாந்தையில. நான் அரசாங்க உத்தியோகத்தன். ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு இங்கால, வன்னிக்குள்ள, இதின்ர சில்லுப் படேல்லை. பதினாலாம் ஆண்டுதான் மகளின்ர வீட்டுக்கு எண்டு கிளிநொச்சிக்கு வந்தனான்."

"பெற்றோலுக்கு?"

"எனக்குப் பெர்மிற் இருந்தது."

"பெர்மிற் இருந்த சைக்கிளுக்கு இந்த மூக்கு எதுக்கு ஐயா?" என்று றிஃபாத் பித்தளையைக் காட்டினான். பிறகு சார்ஜனின் பக்கம் திரும்பினான். "சேர், பொருளாதாரத் தடை நேரம் வன்னிக்குள்ள பெற்றோலைக் கண்ணில காணேலாது. எல்லாம் மண்ணெண்ணெய். ஆனால் மண்ணெண்ணெயில ஸ்ராட் வராது. அதுக்கு இந்த மூக்கால ரண்டு துளி பெற்றோல் பீச்சி, குழந்தைக்குச் சங்கில மருந்து பருக்கிறமாதிரிப் பருக்கி எழுப்பிறது. வவுனியா விறாந்தையில சொகுசா இருந்தவருக்குச் சங்கு பிடிச்சது ஆர்?"

ஆண்டியப்பன் குனிந்து பார்த்தார். சிற்றம்பலம் அசையவில்லை. சீஃப் கிளாக்காக இருந்தவருக்குக் கேள்வியைத் திருப்பி அனுப்பத் தெரியாதா? "கார்பரேற்றர் பிறகு மாத்தினது. இரும்புக் கடையில எடுத்த பழைய சாமான்."

"அதுவும் சரிதானே," என்றார் சார்ஜன். "சேசிஸ் நம்பரைப் பார்த்தா விஷயம் முடிஞ்சிடும்." கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"கை வையாதேங்கோ. அது அம்மன் கோயில் சந்தனம். வெள்ளிக்கு வெள்ளி நான் பூசி வைக்கிறது. சுரண்டினால் பழி."

சார்ஜனின் கை பாதிவழியில் நின்றது. அவருக்குப் பயம் சிற்றம்பலத்தில் இல்லை, அம்மனில்.

றிஃபாத் அக்காவின் காதருகே குனிந்தான். "உங்கட கழுத்தில சிலுவை. என்ர தலையில தொப்பி. நாங்கள் சுரண்டினால் நாளைக்குப் பேப்பரில படம் போடுவாங்கள்."

மதலேனா யதுர்ஷிகாவின் முகத்தைப் பார்த்தார். "ரீச்சர், விடிய பஸ் பிடிக்கிற அவசரத்தில கோயிலுக்குப் போகேல்லைப் போல. நெத்தி வெறுமையாக் கிடக்கு."

கணக்கு ரீச்சருக்கு ஒரு வரி போதும். அடிமட்டத்தைப் பைக்குள் வைத்தார். செருப்பைக் கழற்றினார். வண்டியைக் கும்பிட்டு, மோதிர விரலால் சந்தனத்தில் கொஞ்சம் எடுத்து நெற்றியில் வைத்தார். அம்மன் சந்தனத்தை ஒருவர் பக்தியாக எடுத்து நெற்றியில் வைப்பதைத் தடுக்க உலகத்தில் எந்தச் சீஃப் கிளாக்குக்கும் அதிகாரமில்லை.

"அம்மாவுக்கும் கொஞ்சம்," என்றார் ரீச்சர். கைலேஞ்சியை விரித்தார். "அப்பாவுக்கு. தங்கச்சிக்கு."

"எனக்கும் குடுங்க ரீச்சர்," என்று சார்ஜன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கையேந்தினார்.

"இந்த முறை ஓ.எல். எழுதிற பிள்ளையள் இருபத்தெட்டுப் பேர் இருக்கினம்," என்றார் ரீச்சர். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்தார். பதினெட்டாவது பிள்ளையில் இரும்பு தெரிந்தது. கணக்கில் மோசமான பிள்ளைகளுக்கு இரண்டு பங்கு கொடுத்ததில் இலக்கம் முழுதாக வெளியே வந்தது.

மதலேனா கண்ணாடியை மூக்கில் இறக்கிக் குனிந்தார். ஒரு இலக்கத்தை வாசிக்கிற நேரத்தைவிட அதிகமாகக் குனிந்திருந்தார். நிமிர்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார்.

"எனக்கு எழுத்துத் தெரியேல்லை. றிஃபாத், நீ வாசி. சத்தமா வாசி."

போன மாதம்தான் கண்ணாடி மாற்றியவர். இதென்ன புதுக் குருடு என்று நினைத்தபடி றிஃபாத் குந்தினான். "ரீச்சர், புத்தகத்தைப் பிடியுங்கோ. உங்கட நம்பர் என்ன?"

"1022914."

"அப்ப கேளுங்கோ. ஒண்டு. பூச்சியம்." இரண்டும் ஒத்துப்போனதில் சிற்றம்பலம் நிமிர்ந்தார். "மூண்டு."

"இல்லை," என்றார் யதுர்ஷிகா. புத்தகத்தைச் சார்ஜனிடம் நீட்டினார். "என்ர ரண்டு. இது புத்தகத்துச் சைக்கிள் இல்லை, சேர்."

வழக்கு அந்த இடத்தில் முடிந்தது. சிற்றம்பலத்தின் குடை கை நழுவி விழுந்தது. சார்ஜன் கொப்பியைத் திறந்தார். ஆனால் றிஃபாத் நிறுத்தவில்லை.

"எட்டு," என்றான். "ஆறு."

மிச்ச இரண்டையும் அவன் இரும்பைப் பார்த்து வாசிக்கவில்லை.

"ரண்டு. ஏழு."

அதற்குப் பிறகு அவன் எழும்பவுமில்லை, ஒரு பகிடியும் சொல்லவில்லை. வண்டியின் கழுத்தில் கை வைத்தபடி குந்தியிருந்தான். மதலேனா அவனை அப்படியே விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்த்தார்.

மற்ற வேலை சுருக்கமாக முடிந்தது. சிற்றம்பலம் வங்கிப் படியில் இருந்து உண்மையைச் சொன்னார். தொண்ணூற்றாறில் ஓப்பின் பேப்பரில் விற்றது உண்மை. இருபத்திரண்டாம் ஆண்டுத் தட்டுப்பாட்டில், பதிவு இலக்கத்துக்குக் கிழமைக்கு இவ்வளவு பெற்றோல் என்று கியூஆர் வந்தபோது பார்த்தால், அந்த இலக்கம் இன்னும் அவர் பெயரில் கிடந்தது. தருமபுரத்தில் ஒரு இரும்புக் கடையில் புத்தகமில்லாத சீடி ஒன்று நின்றது. அதை எடுத்து, தகடு எழுதி மாட்டினார்.

"இருபத்தாறு வருசம் ஒருத்தரும் பேர் மாத்த வரேல்லை. என்ர சைக்கிள் செத்துப்போச்செண்டு நினைச்சன்," என்றார். "கிழமைக்கு நாலு லீற்றருக்குத் தொடங்கினது, பிள்ளை. இண்டைக்கு உம்மைக் கண்டவுடன பயந்துபோனன். மன்னிச்சுக்கொள்ளும்."

மதலேனாவின் பைலில் எல்லாப் போமும் இருக்கும். புதிய பெயர்மாற்றப் படிவம் ஒன்றை எடுத்து, வாங்குகிறவரின் இடத்தில் முதலில் யதுர்ஷிகாவின் பெயரை எழுதினார், அதற்குப் பிறகுதான் பேனையைச் சிற்றம்பலத்திடம் கொடுத்தார். ஆண்டியப்பன் சாட்சிக் கையெழுத்து வைத்தார். மணி பத்தே முக்கால். ரீச்சர் அந்தத் தாளை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதார். சந்தனம் மூக்குவரை வழிந்தது.

"தகட்டைக் கழட்டுங்க," என்றார் சார்ஜன். "அந்த நம்பர் ரீச்சருடைய வண்டிக்கு மட்டும்தான்."

ஓட்டோவிலிருந்து நட்டுச் சாவி எடுத்துவந்து றிஃபாத்தே கழற்றினான். மெதுவாகக் கழற்றினான்.

"இப்ப இதுக்கு நம்பரும் இல்லை, புக்கும் இல்லை. ஸ்டேஷன் பின்னால போட்டா மழையில உக்கித்தான் போகும்."

"புத்தகம் இருக்கு, சேர்," என்றார் மதலேனா.

"யார்கிட்ட?"

மதலேனா றிஃபாத்தைப் பார்த்தார். அவன் கைபேசியை எடுத்தான். இரண்டுதரம் பிழையான ஆளுக்கு அடித்து, மூன்றாவதுதரம், புத்தளத்திலிருந்து ஊர் திரும்பியிருந்த வாப்பாவுக்கு நீராவிப்பிட்டிக்கு எடுத்தான்.

"வாப்பா, அலுமாரியில கிடக்கிற புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிப் பொலிசுக்கு வாங்கோ."

"இதென்ன, பதின்மூண்டாவது போமோ?" கிழவரின் குரல் சலித்திருந்தது. "எனக்கு ஏலாது மகன். நீயே நிரப்பு. நம்பர் உனக்குத் தெரியும்தானே."

"போமுக்கில்லை, வாப்பா. சைக்கிளுக்கு. எனக்கு முன்னால நிக்குது. தொட்டுக்கொண்டுதான் கதைக்கிறன்."

கைபேசி நின்றுவிட்டதோ என்று றிஃபாத் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். பிறகு கிழவர் தொண்டையைச் செருமினார்.

"தாங்கியைத் திறந்து பார். நான் விட்டிட்டு வரேக்க அரைத் தாங்கி பெற்றோல் கிடந்தது."